காருகுறிச்சிச் சட்டி பானைகள்: எங்கள் அடுக்களையில் கண்டவை

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குச் செல்லும் வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டி வீரவநல்லூரை எட்டுவதற்கு முன் காருகுறிச்சி வருகிறது. இசை கேட்பவர்களுக்கு அது நாகசுர மேதை அருணாசலத்தின் ஊர். தாமிரபரணிப் பக்கத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கோ அது சட்டி பானை வாங்கும் ஊரும் ஆகும். அங்குள்ள வேளார் குடும்பங்கள் வனைந்து சுட்டு விற்கும் பாண்டங்களில் குழம்புச் சட்டி, தயிர்ச் சட்டி, தண்ணீர்ப் பானை, சோற்றுப் பானை ஆகிய நான்கையும் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்கில் புழங்கி வருகிறோம். அத்தை, கணவர், பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர் உண்ணும் வீடு இது. எரிவாயு உருளை கூடுதல் நாள் வர வேண்டும், மின்கட்டணம் கட்டுக்குள் நிற்க வேண்டும், அங்கணத்தில் நுரையும் எண்ணெயுமாக ஓடும் தண்ணீர் குறைய வேண்டும் என்ற மூன்று கவலைகளோடு நடக்கும் அடுக்களை. அந்தக் கவலைகளுக்கு இப்பாண்டங்கள் எவ்வளவு உதவுகின்றன என்பதையே இங்கு எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழம்புச் சட்டியையும் தயிர்ச் சட்டியையும் எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைக்கிறேன். தண்ணீர்ப் பானை வெயிலும் காற்றும் உள்ள மாதங்களில் அருமையானது. மழை மாதங்களில் அதற்குப் பெரிய வேலை இல்லை. சோற்றுப் பானையைக் கைவலு உள்ளவர்கள் வாங்கலாம், மற்றவர்கள் வேண்டாம். மண்சட்டி வாங்கிய மறுநாளிலிருந்து எரிவாயு மிச்சமாகும் என்று பலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மிச்சம் உண்மையிலேயே உண்டு. ஆயினும் அடுப்பை அணைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு அது கிடைக்காது.

இதற்குக் காரணம் சுட்ட மண்ணின் இயல்பு. மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அலுமினியத்தின் கடத்துதிறன் அதைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு. ஆகவே ஒரே அளவு தண்ணீரை ஒரே அடுப்பில் வைத்தால் அலுமினியப் பாத்திரத்தில் முதலில் கொதி வந்துவிடும். மண்சட்டியில் கொதி வருவதற்குள் சற்றுக் கூடுதலாகவே எரிவாயு செலவாகும். ஆனால் கொதி வந்த பிறகு கணக்கு மாறுகிறது. தடித்த சுவர் தன்னுள் வாங்கி வைத்த சூட்டை மெல்ல மெல்லக் குழம்புக்குத் திருப்பித் தருவதால், அடுப்பை அணைத்த பின்னும் சில நிமிடங்கள் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதை மண்சட்டியில் சமைத்தவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். மூடி மட்டும் போட்ட சட்டியில் கொதிக்கும் தண்ணீரின் சூடு, எவ்வளவு பெரிய தழல் வைத்தாலும், 100 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். கூடுதலாக எரிப்பது எல்லாம் ஆவியாகப் போய்விடும். எனவே கொதி வந்ததும் தழலைச் சிறிதாக்கி, மூடி, காய் முக்கால் பதம் வெந்தவுடன் அணைத்துவிட வேண்டும். மீதி வேக்காட்டைச் சட்டியின் சூடே முடித்துக் கொடுத்துவிடும். கத்திரிக்காய், தடியங்காய், பூசணிக்காய், கீரை போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சேனையும் வாழைக்காயும் அடுப்பிலேயே முழுதாக வெந்தாக வேண்டும். சட்டியின் சூட்டை நம்பி முன்கூட்டி அணைத்தால் நடுவில் கடினம் நின்றுவிடும். 14.2 கிலோ உருளை எங்கள் வீட்டில் முன்பைவிடச் சில நாட்கள் கூடுதலாக வருகிறது. அதில் சட்டியின் பங்கு எவ்வளவு, மூடி போட்டுச் சமைக்கும் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

இந்தப் பின்சூடு மிகச் சிறப்பாகப் பயன்படும் இடம் எங்கள் ஊர்ச் சொதி. தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், சின்ன உள்ளி, பூண்டு ஆகியவற்றை வேகவிட்டு, தனியே வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த சாற்றை ஊற்றிய பின், கடைசியாக முதல் பால் சேர்ப்பது முறை. முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும் என்பதால், உலோகப் பாத்திரத்தில் அடுப்பை மிகச் சிறிதாக எரியவிட்டுக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். மண்சட்டியில் அந்தக் காவல் தேவையில்லை. அடுப்பை அணைத்து, கொப்புளங்கள் அடங்கும் வரை பொறுத்திருந்து முதல் பாலை ஊற்றி மூடிவிட்டால், திரியாமலும் பச்சை வாடை இல்லாமலும் பக்குவமாகச் சூடேறிவிடுகிறது. அணைத்தவுடனே ஊற்றுவது கூடாது; அப்போதும் சட்டி உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருக்கும். எலுமிச்சைச் சாறு அதற்கும் பிறகு, பரிமாறுவதற்குச் சற்று முன்பு சேர்க்க வேண்டியது. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து முடிக்கும் வரை சொதி சூடாகவே இருக்கும். மறுபடி அடுப்பேற்ற வேண்டிய தேவை வருவதில்லை. மண்சட்டியில் வைத்த சொதியின் சுவை கூடுதல் என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார். எனக்கும் அப்படியே தோன்றுகிறது என்றாலும், நிதானமாகச் சூடு ஏறி இறங்குவதால் பால் திரியாமல் நிற்பதே அதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

அடுத்தது புளி. புளியின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். பித்தளையில் புளி சேர்த்துச் சமைப்பதானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், அதைப் பூசித் தருகிறவர்கள் தெருவுக்கு வருவதும் இப்போது அரிது. மேற்பூச்சு எதுவும் இல்லாத மண்சட்டிக்கு இந்தக் கவலை இல்லை. வற்றல் குழம்பும் மீன் குழம்பும் அதில் வைத்து அதிலேயே இருக்கலாம். இரவில் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு மூடி வைத்த மீன் குழம்பு, மறுநாள் காலைப் பழையதுக்கு அதே சட்டியிலிருந்து எடுக்கும்போது எண்ணெய் தெளிந்து, புளியும் காரமும் மீனில் இறங்கி நிற்கும். மிஞ்சிய குழம்பையும் கூட்டையும் அவியலையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைக்கும் சுண்டக்கறிக்கும் இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. சிறுதழலில் நெடுநேரம் இருந்தாலும் திடீரென்று அடிப்பிடிப்பதில்லை. பண்டம் வீணாகாமல் ஒரு வேளை சாப்பாடு கிடைப்பது சிக்கனத்தில் சேராதா என்ன! ஆனால் மீன் சட்டியையும் காய்கறிச் சட்டியையும் கண்டிப்பாகத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். மண் நுண்துளைகள் உள்ள பொருள். மீன் வாடையை வாங்கிக்கொண்டால் விடாது. ஆகவே அசைவம் உண்ணும் வீட்டுக்குக் குழம்புச் சட்டி என்றால் இரண்டு என்றே கணக்கிட வேண்டும்.

பொருந்தாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். துவரம்பருப்பை மண்சட்டியில் திறந்த கொதியில் வேகவைப்பது எரிவாயுவை வீணாக்குவது. பிரஷர் குக்கரின் உள்ளே அழுத்தத்தால் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போவதால் பருப்பும் பயறும் அதில் சீக்கிரம் வெந்துவிடுகின்றன. நாங்கள் பருப்பைக் குக்கரில் வேகவைத்து, சாம்பாரை மட்டும் சட்டியில் கூட்டுகிறோம். மரபு என்பதற்காகக் குக்கரைப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை. மண் தோசைக்கல் விற்கிறார்கள், அது வேண்டாம். சூடேற நேரமாகிறது, நடுவும் ஓரமும் ஒரே சூட்டில் நிற்பதில்லை. நன்கு பழகிய இரும்புக் கல் தலைமுறைகளுக்கு வரும்போது அதற்கு மாற்று தேடுவதற்குக் காரணமே இல்லை. வாய் குறுகிய மண் தண்ணீர்ப் பாட்டில்களையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்; உள்ளே கைவிட்டுக் கழுவ முடியாத எந்தப் பாத்திரமும் குடிநீருக்கு ஏற்றதன்று. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பாண்டம் சூடேறாது என்பதை அறியாமல் வாங்கிச் சென்று திரும்பியவர்களும் உண்டு. அந்த அடுப்பு காந்தத்தில் ஒட்டும் உலோகப் பாத்திரங்களை மட்டுமே சூடேற்றும்.

புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றக்கூடாது, பழக்க வேண்டும். ஒரு முழு நாள் தண்ணீரில் மூழ்க வைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறுதழலில் கொதிக்கவிட்டு அதிலேயே ஆறவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் கஞ்சியின் மாவுச்சத்து நுண்துளைகளில் இறங்கி அவற்றை அடைக்கும். அதன் பின் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் தேங்காய்த் துருவலைப் போட்டு நிறம் மாறும் வரை வறுத்துக் கொட்டிவிட்டால் மண்வாடை போய்விடும். காருகுறிச்சியில் சட்டி தந்த அம்மா இன்னொன்றையும் சொன்னார்: முதல் சில நாட்களுக்குப் புளிக்குழம்பு வைக்காமல் கீரை, ரசம் போன்ற எளியவற்றில் தொடங்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் மண்சட்டி வாங்காமல் இருப்பதே நல்லது. பழக்காத சட்டி முதல் வாரத்திலேயே விரிசல் விடுகிறது, அல்லது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. பழகிய பின்போ எண்ணெய்ச் செலவும் குறைகிறது.

அடுப்பில் வைக்கும்போது தழல் சட்டியின் அடியைத் தாண்டிப் பக்கங்களில் ஏறக்கூடாது. சிறிய பர்னரில் சிறிய தழலில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். அடி உருண்டையான சட்டி விறகடுப்புக்கு ஏற்றது. எரிவாயு அடுப்பில் சாய்ந்தாடும். அதனால் அடி தட்டையாகத் தட்டியதையே கேட்டு வாங்க வேண்டும், அங்கே அதுவும் செய்கிறார்கள். “சட்டி சூடா இருக்கையில பச்சத்தண்ணி பட்டிரக் கூடாதும்மா” என்று அத்தை எனக்குச் சொன்னதை நான் இப்போது என் மகளுக்குச் சொல்கிறேன். கொதிக்கும் குழம்பில் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் வெந்நீரே சேர்க்க வேண்டும்; இறக்கிய சட்டியை ஈரமான கடப்பாக்கல் மேடையில் வைக்காமல் வைக்கோல் பிரிமணையில் வைக்க வேண்டும். சூட்டு வேறுபாடு ஒன்றுதான் இந்தப் பாண்டங்களுக்குப் பெரிய பகை. கீழே விழுந்து உடைவதைவிட இப்படி விரிந்து போவதே மிகுதி.

கழுவுவதில்தான் இவற்றின் உண்மையான சுற்றுச்சூழல் பயன் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பாத்திரம் துலக்கும் சோப்பையும் திரவத்தையும் மண்சட்டியில் போடக்கூடாது, ஏனெனில் நுண்துளைகளில் இறங்கிய சோப்பு அடுத்த குழம்பில் வெளிவரும். அதனால் வேறு வழியின்றி நாமும் பழைய முறைக்கு வந்துவிடுகிறோம். சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, தேங்காய்நாரால் தேய்த்தால் பெரும்பாலும் போதும். எண்ணெய்ப் பசை மிகுதியாக இருந்தால் சீயக்காய்த்தூளோ கடலைமாவோ கொஞ்சம் தூவித் தேய்க்கலாம். அடிப்பிடித்திருந்தால் கல்லுப்பு உதவும். உலோகக் கம்பிச் சுருள் பழகிய மேற்பரப்பைச் சுரண்டிவிடும், அது ஆகாது. இப்படிக் கழுவிய தண்ணீரில் நுரை இல்லை, உப்பு சேர்க்காத கழுவுநீரை வாழைக்கும் முருங்கைக்கும் கருவேப்பிலைக்கும் தயக்கமின்றி விடலாம். தேங்காய்நாரும் வீட்டில் உரிக்கும் தேங்காயின் கதம்பையிலிருந்து வருவதே. தேய்ந்த பின் செடியின் அடியில் போட்டால் ஈரம் காக்கும். நைலான் நாரும் சோப்புக் கட்டியும் வாங்கும் செலவு எங்கள் வீட்டில் பாதியாகக் குறைந்தது இதனால்தான். கழுவிய சட்டியை வெயிலில் கவிழ்த்து முழுதாக உலர்த்த வேண்டும். அரைகுறையாக உலர்ந்ததை மூடி வைத்தால் பூசணம் பூக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் இது உண்மையான சிரமம். அந்த மாதங்களில் சட்டியை அடுப்பின் அருகில் திறந்தபடி வைத்தே காப்பாற்றுகிறோம்.

தயிர்ச் சட்டியைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. பாலில் உள்ள தண்ணீரைச் சுவர் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கட்டியாக உறைகிறது. வெளிச்சுவரில் ஈரம் ஆவியாவதால் சட்டி குளிர்ந்து, புளிப்பும் மெதுவாகவே ஏறுகிறது. இரண்டு சிறிய சட்டிகளை மாற்றி மாற்றிப் புழங்கி, ஓய்வில் இருப்பதை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். இல்லையெனில் பழைய புளிப்பு அதில் தங்கிவிடும். விலையில் மிகக் குறைந்தது இதுவே. புதிதாக மண்பாண்டத்துக்கு வருகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

தண்ணீர்ப் பானை செயல்படுவதும் இதே ஆவியாதலால்தான். சுவரின் வழியே கசியும் தண்ணீர் வெளியே ஆவியாகும்போது தனக்குத் தேவையான வெப்பத்தை உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பானை குளிர்கிறது. பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் கத்திரி நாட்களில் பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். அதைவிடவும் நன்றாக இருப்பது ஆனி, ஆடிக் காற்றுக் காலம்: குற்றாலத்தில் சாரல் விழும்போது மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வருவது வறண்ட காற்று, அது ஜன்னலோரம் வைத்த பானையைப் பகல் முழுவதும் குளிரவைக்கிறது. அந்த மாதங்களில் பிள்ளைகள் தண்ணீருக்காகக் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பதே இல்லை. பாட்டில்களை நிரப்பி அடுக்கும் இடம் காய்கறிக்குக் கிடைக்கிறது. மழைக்காலத்து ஈரக்காற்றில் பானை வேறு எந்தப் பாத்திரத்தையும் போன்றதே. ஆகவே கார்த்திகை, மார்கழியில் அதைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்துவிடுவோம்.

பானையைக் காற்றோட்டமான இடத்தில் ஈர மணலின் மேல் வைப்பது வழக்கம். ஆனால் மணல் தட்டில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை தட்டை முழுதாக உலர்த்திவிட வேண்டும், பானையின் வாய் எப்போதும் மூடியிருக்க வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அந்த உப்பு துளைகளை அடைப்பதால் நாளடைவில் குளிர்ச்சி குறைந்துவிடும். புளிச்சக்கை கொண்டு வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் ஓரளவு சரியாகும். எங்களுக்குக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. குழாய் பொருத்திய பானை வசதியானது, ஆனால் குழாய் சேரும் இடத்தில் கசிவு வருகிறது; சாதாரணப் பானையும் நீண்ட காம்புள்ள அகப்பையும் போதும் என்பது என் கருத்து.

சோற்றுப் பானையில் வடித்த சோறு நன்றாகவே இருக்கிறது. ஐந்து பேருக்கான சோறும் கொதிகஞ்சியும் நிறைந்த கனமான பானையைத் துணி பிடித்துச் சாய்த்து வடிப்பதுதான் பிரச்சினை. அத்தைக்கு இப்போது அது முடியவில்லை, பிள்ளைகள் அருகில் நிற்கும்போது எனக்கும் அச்சமாக இருக்கிறது. அதனால் சோற்றை உலோகப் பாத்திரத்தில் வடித்து, மிஞ்சியதை இரவில் இந்தப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். கோடையில்கூடப் பழையது கொழகொழப்பு ஏறாமல் குளிர்ச்சியாகவும் அளவான புளிப்போடும் இருக்கிறது. சின்ன உள்ளியும் முந்தைய நாள் குழம்பும் இருந்தால் காலை உணவுக்கு அடுப்பு பற்றவைக்கவே தேவையில்லை. உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு போன்று வடிக்காமல் பொங்கி இறக்குபவற்றுக்கும் பானை பொருந்தும். கூட்டாஞ்சோற்றைக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும், இறுகுவதைப் பானை பார்த்துக்கொள்ளும்.

மண்பாண்டம் உடைந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். அது சரியன்று. சுட்ட மண் மீண்டும் களிமண்ணாக மாறுவதில்லை. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டியபோதும், பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கு அகழ்ந்தபோதும் வெளிவந்த முதுமக்கள் தாழிகளும் சட்டிகளும் தாமிரபரணிக் கரையில் புதைந்து கிடந்தவையே. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டதை 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அத்தனை ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் தாழி தாழியாகவே இருந்திருக்கிறது. உடைந்த ஓடு நிலத்தையோ நீரையோ கெடுப்பதில்லை என்பதுதான் உண்மையான நன்மை. அதைப் பூந்தொட்டியின் அடியில் துளை மறைக்கப் போடலாம், வாய் உடைந்த சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கலாம். மேலும் ஒவ்வொரு சட்டியும் குளத்து மண்ணையும் சூளையில் எரிந்த விறகையும் ஓலையையும் செலவழித்தே நம் வீட்டுக்கு வருகிறது. ஆறு மாதத்தில் உடைத்துவிட்டுப் புதிது வாங்கும் வீட்டில் அந்தத் தீ வீணாக எரிந்ததாகவே கொள்ள வேண்டும். நன்கு பழக்கி, பேணி, பல ஆண்டுகள் புழங்கும் வீட்டில்தான் அது இயற்கைக்கு இணக்கமான பொருளாகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. விற்கிற அம்மா ஒவ்வொரு சட்டியையும் விரலால் சுண்டிக் காட்டினார்: “தட்டிப் பாருங்கம்மா, கணீர்னு கேட்டா எடுங்க. சத்தம் அமுங்குச்சுன்னா எடுக்காதீங்க.” சரியாக வேகாததும் மயிரிழை விரிசல் உள்ளதும் அந்த மங்கிய சத்தத்தில் தெரிந்துவிடும். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கலாம். மூடியை அங்கேயே பொருத்திப் பார்ப்பது நல்லது, ஏனெனில் கையால் வனைந்தவற்றில் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. சக்கரத்தில் வனைந்த பிறகு அடியைப் பலகையால் தட்டித் தட்டியே மூடுகிறார்கள். அந்த அடி எங்கும் ஒரே தடிமனாக இருப்பது கைத்திறனின் அடையாளம். பளபளப்பான பூச்சோ சாயமோ உள்ள சமையல் சட்டியைத் தொடவே வேண்டாம். நகரத்தில் ஒரு கடையில் என் மதினி வாங்கிய அத்தகைய சட்டியில் முதல் புளிக்குழம்புக்கே பூச்சு உரிந்து மிதந்தது; பூச்சுகளில் காரீயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. கருப்புச் சட்டி என்றால் சாயம் என்று அஞ்ச வேண்டியதில்லை. சூளையில் காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் மண் தானாகவே கறுக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் சாயமா புகையா என்பது தெரிந்துவிடும்.

விலை எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டுவதே. நாங்கள் வாங்கியபோது சிறிய தயிர்ச் சட்டி 100 ரூபாய்க்குள்ளும், மூடியோடு குழம்புச் சட்டி அளவைப் பொறுத்து 150 முதல் 300 ரூபாய் வரையிலும் இருந்தன. தண்ணீர்ப் பானை அதற்குச் சற்று மேல். இதே போன்ற சட்டிகள் இணையத்தில் பல மடங்கு விலைக்கு, தெர்மோகோல் சுற்றி வருகின்றன. நேரில் போய் வாங்குவதில் பணமும் மிச்சம், அந்தக் குப்பையும் இல்லை, வனைந்தவர் கையிலேயே முழுத்தொகையும் சேர்கிறது. பேரம் பேசாமல் வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மண் மிதிப்பது முதல் சூளை பிரிப்பது வரை உள்ள உழைப்பை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு அந்த விலை குறைவாகவே தோன்றும்.

போகும் காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பச்சைப் பாண்டம் உலராது, சூளையும் வைக்க முடியாது, கையிருப்பு குறைந்திருக்கும். கார்த்திகைக்கு முன் அகல் விளக்கிலும் தைக்கு முன் பொங்கல் பானையிலும் எல்லாரும் மும்முரமாக இருப்பார்கள். மாசி முதல் வைகாசி வரை போனால் வகை வகையாக அடுக்கியிருப்பதைத் தேர்ந்து எடுக்கலாம், நிதானமாகப் பேசவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். திருநெல்வேலி – தென்காசித் தடத்தில் காருகுறிச்சிக்கு ரயில் நிலையம் இருக்கிறது. பேருந்துக் குலுக்கலைவிட ரயிலில் பானை பத்திரமாக வருகிறது. வைக்கோல் சுற்றிக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள். பனையோலைக் கடவப்பெட்டியோ சாக்கோ கையோடு கொண்டு போனால் போதும். அந்த வைக்கோலைத் திரித்தால் இரண்டு பிரிமணைக்கு ஆகும்.